சுவரம்மா எழுதியது

அம்மா மருத்துவமனை மதிலில் எழுத ஆரம்பித்தபோது மகளுக்குப் பதினேழு வயது. அவள் உடனே செய்த காரியம், பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டதுதான். மதிலை ஒட்டிப் போனால் ஏழு நிமிடம். மரக்கிடங்கைச் சுற்றிப் போனால் இருபத்தைந்து நிமிடம். வெயிலோ மழையோ, அவள் இருபத்தைந்து நிமிடம் நடந்தாள்.

அதற்கு முன் அம்மா அதே மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். கட்டடத்துக்கு அடியில், நீராவியும் சோப்பு நாற்றமுமாக ஒரு நீண்ட அறை. வெளுத்துக் காய்ந்து வரும் படுக்கை விரிப்புகளின் மூலையில், அழியாத கறுப்பு மையால் எந்த வார்டு, எந்த வருடம் என்று எழுதுவது அம்மாவின் வேலை. ஒரு நாளைக்கு நூறு நூற்றைம்பது விரிப்பு. சின்ன மூங்கில் பட்டையை மையில் தோய்த்து, துணியை இடது கையால் இழுத்துப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு எழுதுவாள். துணியில் மை பரவும் என்பதால் கை நிற்கவே கூடாது, ஒரே வீச்சு. எழுத்தின் கொம்பும் சுழியும் அவள் கையில் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். "உங்க எழுத்தைப் பார்த்தா படுக்கவே மனசு வரலம்மா" என்று நர்சுகள் கேலி செய்வார்கள். அம்மா அதை நாலு நாளைக்கு வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பா முன்பே போய்விட்டார். வீட்டில் இருந்தது மூன்று பேர். அம்மா, மகள், அவளைவிட ஐந்து வயது சின்னவனான தம்பி. அவனைக் குட்டி என்று கூப்பிடுவார்கள். குட்டி வாலில்லாத குரங்கு. ஒருநாள் பேருந்து நிழற்குடையின் மேல் விழுந்த பந்தை எடுக்க ஏறினான். இறங்கும்போது கால் தவறியது. தொடை எலும்பு முறிந்தது.

அம்மா வேலை பார்த்த மருத்துவமனையிலேயே சேர்த்தார்கள். மறுநாள் காலையில் அறுவை நடந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னதும், அக்காவைத் தம்பிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு அம்மா கீழே வேலைக்குப் போனாள். அன்று விடுப்புக் கிடைக்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்குத் துவைத்த விரிப்புகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு அவள் அந்த வார்டுக்குள் வந்தபோது குட்டியின் கட்டிலைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். கட்டுக்குள் ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. பார்க்க வேண்டிய டாக்டர் ஊருக்குள் இருந்த தன் சொந்த கிளினிக்கில் இருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

விசாரணை நடந்தது. நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து, பதினாறு வயதுப் பெண்ணைக் கேட்டார்கள்.

"நீதானே பக்கத்துல இருந்தே? முழு நேரமும் அங்கயே இருந்தியா?"

"இருந்தேன் சார்."

"எங்கயும் போகலையா?"

"நடுவுல டீ குடிக்கப் போனேன். உடனே வந்துட்டேன்."

அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மருத்துவர் தரப்பில் கவனக்குறைவு எதுவும் இல்லை. நோயாளியுடன் இருந்தவர் படுக்கையை விட்டுச் சென்றிருந்ததால் நிலைமை உரிய நேரத்தில் தெரியவரவில்லை. அம்மா அதை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தாள். மகளிடம் எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட மகளுக்கு ஆறியிருக்கும்.

அந்த வாரமே எழுத ஆரம்பித்தாள். செருப்புக்குப் பாலிஷ் போடும் பிரஷைச் சாய்வாக வெட்டிக்கொண்டு, கறுப்புப் பெயின்ட் டப்பாவோடு போய், மருத்துவமனை மதிலில் ஆள் உயரத்துக்கு எழுதினாள். வேலை போனது. பிறகு வீடுகளுக்குத் துணி தேய்த்துக் கொடுத்துப் பிழைத்தாள். மதிலை அழித்தால் எதிரே இருந்த தபால் நிலையச் சுவர். அதையும் அழித்தால் கட்டட வேலை நடக்கும் இடத்தில் அடைத்திருந்த பலகைகள், பாலத்தின் தூண்கள். எல்லா இடத்திலும் எழுதியது ஒன்றுதான், அதே வரிகள். போலீசார் இரண்டு முறை கூட்டிப் போய் உட்காரவைத்து அனுப்பினார்கள். தெருக்காரர்கள் முதலில் பாவம் என்றார்கள், பிறகு பைத்தியம் என்றார்கள், கடைசியில் சுவரம்மா என்று பெயர் வைத்துப் பழகிப்போனார்கள்.

மகள் அதை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. படிக்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். ஆரம்பத்திலேயே பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவள் ஒருத்தி, "உங்கம்மா எழுதியிருக்கிறதுல நீயும் வர்றடி, டீ குடிக்கப் போனதெல்லாம் இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்? அந்தக் கடிதத்தில் இருந்ததைத்தான் அம்மா ஊர் முழுக்க எழுதிவைக்கிறாள் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். தூரத்தில் கறுப்பு எழுத்துத் தெரிந்தாலே தலையைக் குனிந்துகொள்வாள். மழை நாட்களில் அம்மா வீட்டிலேயே, சலவைக்கூடத்துக்காரர்கள் கழித்துக் கொடுத்த பழைய விரிப்புகளில் எழுதி, மடித்து, தகரப் பெட்டியில் அடுக்கினாள். மகள் அந்தப் பெட்டியைத் தொட்டதில்லை. இருபது வயதில் ஒரு வேன் டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டு, நாலு தெரு தள்ளிக் குடிபோனாள். சீருடை தைக்கும் கம்பெனியில் பட்டன் துளை போடும் மெஷினில் வேலை. வாரம் ஒரு தடவை அம்மாவைப் பார்க்க வருவாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வர்றேன், சரி. அவ்வளவுதான் பேச்சு.

அம்மாவின் எழுத்தை முழுசாகப் படித்த ஆள் ஒருவர் உண்டு. நகராட்சியில் சுவருக்கு வெள்ளையடிப்பவர். அந்த வேலையாலேயே தெருவில் அவருக்கு வெள்ளைக்காரர் என்று பெயர். ஆள் அடுப்புக்கரி நிறம். தன் பெயரைச் சொல்லித் தானே முதலில் சிரிப்பார். அழிக்க வரும் ஒவ்வொரு தடவையும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை நின்று படித்துவிட்டுத்தான் ரோலரைத் தொடுவார். மேலாளர் கத்தினால், "எதை அழிக்கிறோம்னு தெரியாம அழிச்சா பாவம் சார்" என்பார். அம்மாவுக்கு அவர் மேல் கோபம் கிடையாது. சில நாள் இருவரும் ஒரே சுவரடியில் உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்த்தவர்கள் உண்டு.

இப்படிப் பதினோரு வருடம் போன பிறகுதான் கேலரிக்காரர் வந்தார்.

யாரோ எடுத்த புகைப்படம் ஒரு பத்திரிகையில் வந்து, அதைப் பார்த்து அவர் தேடிக்கொண்டு வந்திருந்தார். மெல்லிய குரல், சுருக்கமில்லாத சட்டை. முதலில் அம்மா கதவைத் திறக்கவில்லை. அவர் மகள் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தார்.

"உங்கம்மா எவ்வளவு பெரிய கலைஞர்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அவங்க துணி தேய்க்கிறவங்க சார்" என்றாள் மகள்.

"யார்கிட்டயும் கத்துக்காம இப்படி ஒரு கோடு வராதுங்க. அந்த வீச்சைப் பாருங்க. மூச்சு மாதிரி இருக்கு."

அவர் போனதும் கணவர், "பெட்டியில சும்மா கிடக்கிற துணிதானே, குடுத்தா என்ன? நாலு பேர் மதிப்பாங்க" என்றார். மகளுக்கு மதிப்பைப் பற்றி எண்ணமில்லை. அந்தப் பெட்டி வீட்டை விட்டுப் போகுமென்றால் யார் வேண்டுமானாலும் கொண்டுபோகட்டும் என்று இருந்தது. அதை அவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

அம்மாவிடம் அவளே அழைத்துப்போனாள். அம்மா தேய்ப்புப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நிறைய பேர் வருவாங்களா தம்பி?"

"ஆயிரக்கணக்குல வருவாங்கம்மா."

"படிப்பாங்களா?"

"நின்னு பார்ப்பாங்கம்மா. பக்கத்துல வந்து பார்ப்பாங்க."

அம்மா கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மகளிடம் திரும்பி, "எனக்கு இந்தக் காகிதமெல்லாம் புரியாது. நீ பாத்துக் கையெழுத்துப் போடு" என்றாள். ஒன்பது பக்கம். மகள் எந்தப் பக்கத்தையும் படிக்கவில்லை. விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் போட்டாள்.

திறப்பு நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணி. உயரமான வெள்ளைச் சுவர்கள், பளபளக்கும் தரை, நடந்தால் செருப்புச் சத்தம் தனக்கே கூச்சமாகக் கேட்கும் இடம். விரிப்புகளைச் சட்டமிட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். கட்டடக்காரரிடமிருந்து வாங்கி வந்த பலகைகள் நடுவில் நின்றன. ஒவ்வொன்றின் மேலும் விளக்கு. கையில் கண்ணாடிக் குவளையோடு கனவான்களும் சீமாட்டிகளும் இரண்டடி பின்னால் போய் நின்று, கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். வாசலில் ஒட்டியிருந்த குறிப்பில், "இங்கே சொற்கள் பொருளை உதிர்த்துவிட்டுத் தூய அசைவாகின்றன" என்று அச்சிட்டிருந்தது.

அம்மா தன் ஒரே நல்ல புடவையில், கை இரண்டையும் முன்னால் கோத்துக்கொண்டு, அறைக்கு நடுவில் நின்றாள். வருபவர்கள் அவள் கையைத் தொட்டுப் பார்த்தார்கள், விரல்களைப் படம் எடுத்தார்கள். மகள் சுவரோரமாக, தரையைப் பார்த்தபடி நின்றாள்.

அப்போது வெள்ளைக்காரர் வந்தார். பெயின்ட் படாத ஒரு சட்டையை எங்கிருந்தோ கண்டுபிடித்துப் போட்டிருந்தார். வழக்கம்போல முதல் விரிப்பின் முன் நின்று, உதடு அசைய வரி வரியாகப் படித்தார். கடைசிக்கு வந்ததும் நெற்றியைச் சுருக்கினார். அடுத்ததைப் பார்த்தார், அதற்கடுத்ததையும் பார்த்தார். பிறகு நேராக மகளிடம் வந்தார்.

"ஏம்மா, இதுக்கப்புறம் அந்த டாக்டர் பேரு வரணுமே. எல்லாத்துலயும் அடியில மடிச்சு விட்டிருக்காங்க. பலகையில அறுத்தே எடுத்துட்டாங்க."

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் மகள்.

"தெரியாதா? மத்த வரியெல்லாம் சரியா இருக்கான்னு நீயே பாரு. உன்னைவிட யாருக்கும்மா தெரியும்?"

அவர் அவள் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விரிப்பின் முன் நிறுத்தினார். தப்பிக்க மரக்கிடங்கு எதுவும் அங்கே இல்லை. அவள் நிமிர்ந்தாள்.

காலை ஒன்பது: அறுவை நல்லபடியாக முடிந்தது என்றார்கள்.

பதினொன்று: கட்டு நனைந்தது. என் மகள் போய்ச் சொன்னாள். டாக்டர் வருவார் என்றார்கள்.

பன்னிரண்டு: என் மகள் மறுபடி போனாள். போய் உட்கார் என்றார்கள்.

ஒன்று: என் மகள் டீ குடிக்கப் போனாள். காலையிலிருந்து பட்டினி கிடந்த பிள்ளை. அது தப்பில்லை.

ஒன்றேகால்: திரும்பி வந்தாள். மூன்றாம் முறையும் போய்க் கூப்பிட்டாள். அழுதாள். சத்தம் போடாதே என்றார்கள்.

மூன்று: என் மகன் தண்ணீர் கேட்டான். என் மகள் உதட்டை நனைத்தாள்.

நான்கு: டாக்டர் வந்தார். என் மகன் இல்லை.

அவ்வளவுதான். அதன் கீழே துணி மடிக்கப்பட்டிருந்தது.

அடுத்த விரிப்பிலும் அதேதான். அதற்கடுத்ததிலும். இருபத்தெட்டு விரிப்பிலும், அறுத்த பலகைகளிலும், அது தப்பில்லை, அது தப்பில்லை. அவள் கூப்பிட்டதை யார் பார்த்தார்கள்? பக்கத்துக் கட்டில் கிழவியையும், தரை துடைத்த பெண்ணையும், வாசல் காவலாளியையும் அம்மா தேடிப்பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். இவளிடம் மட்டும் கேட்கவில்லை. பதினாறு வயதுப் பெண்ணை இன்னொரு தடவை யாரும் கேட்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. பின்னால் நின்ற ஒரு சீமாட்டி, "எவ்வளவு அமைதியா இருக்கு இல்லே, தியானம் மாதிரி" என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

வெள்ளைக்காரர் சும்மா இருக்கவில்லை. அம்மாவிடமும் போய்ச் சொல்லிவிட்டார். அம்மா ஒரு விரிப்பின் அருகே போய் அடிமடிப்பை விரலால் தடவிப் பார்த்தாள். கேலரிக்காரர் பதறிக்கொண்டு வந்தார்.

"தொடாதீங்கம்மா, ப்ளீஸ்."

"பேரை ஏன் மறைச்சீங்க தம்பி?"

"வக்கீல் சொன்னாரும்மா. நாளைக்குக் கேஸ் கீஸ்னு வந்தா சிக்கல். அழகு எதுவும் குறையலம்மா, நீங்களே பாருங்க."

 அம்மா இடுப்புப் பையிலிருந்து பிரஷை எடுத்தாள். சின்னப் பெயின்ட் டப்பாவும் அதிலேயே இருந்தது. எங்கே போனாலும் அது கூடவே போகும். வெறுமையாக இருந்த பெரிய வெள்ளைச் சுவருக்குப் போய், ஆள் உயரத்துக்கு, ஒரே வீச்சில், அந்த டாக்டரின் முழுப்பெயரை முதலெழுத்தோடு எழுதினாள். கடைசிச் சுழியை இழுத்துவிட்டு அவள் பிரஷைத் தாழ்த்தியபோது, ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். விடாமல் தட்டினார்கள். கைபேசிகள் உயர்ந்தன. "எவ்வளவு உயிர்ப்பு" என்றார் ஒருவர். அம்மா திரும்பிப் பார்த்தாள். அவர்கள் முகங்களில் இருந்த சந்தோஷத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் முகம் அப்படி வெளிறிப்போய் மகள் அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் கேலரிக்காரரின் ஆட்கள் அந்தச் சுவரில் இரண்டு கோட்டிங் வெள்ளை அடித்துவிட்டார்கள். முதலில் நின்று படித்தார்களா என்று தெரியாது.

அன்று கம்பெனிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மகள் அம்மா வீட்டுக்குப் போனாள். அம்மா வழக்கம்போல யார் வீட்டுச் சட்டையையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் எதிரே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். என்ன கேட்பதென்று வழியெல்லாம் யோசித்து வந்ததெல்லாம் மறந்துபோனது.

"ஏம்மா, எங்கிட்ட வாயால ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அம்மா காலரைத் திருப்பிப் போட்டாள்.

"சொன்னா நம்பியிருப்பியா? பெத்தவ ஆறுதலுக்குச் சொல்றான்னு நினைப்பே. அவனுங்க எழுத்துல போட்டானுங்க. நானும் எழுத்துலதான் போடணும்."

"நான் அதைப் படிக்கவே இல்லம்மா. உனக்குத் தெரியுமா?"

"நீ படிச்சிட்டேன்னுதான் நினைச்சேன்." அம்மாவின் கை நின்றது. "படிச்சும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாளே, இன்னும் மனசு ஆறலையாக்கும்னு திரும்பத் திரும்ப எழுதினேன்."

சட்டை தீய்ந்துவிடும் போலிருந்ததால் மகள்தான் தேய்ப்புப் பெட்டியை எடுத்து நிறுத்தினாள்.

அன்றோடு அம்மா எழுதுவதை விட்டுவிட்டாள். கேலரியில் மரியாதை கிடைத்ததும் பைத்தியம் தெளிந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். தபால் நிலையச் சுவரில் அழிக்காமல் மிச்சமிருந்த நாலு வரிக்கு நகராட்சியே கண்ணாடி போட்டுப் பாதுகாத்தது. வெள்ளைக்காரரை வேறு பகுதிக்கு மாற்றினார்கள். கேலரிக்காரர் இரண்டு முறை வந்து, புதிதாக எழுதித் தரும்படி கேட்டார். "அதே மாதிரியே வேணும்னு இல்லம்மா, உங்களுக்குத் தோணுற எதுவா இருந்தாலும்." அம்மா, "எனக்கு வேற எதுவும் தோணாது தம்பி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

மகள் விரிப்புகளைத் திருப்பிக் கேட்டாள். எல்லாம் வேண்டாம், ஒன்று மட்டும் போதும் என்றாள். கேலரிக்காரர் ஒன்பது பக்கத்தையும் எடுத்து, அவள் கையெழுத்தைக் காட்டினார். மனசு கேட்காமல் அவரே ஒரு தகவல் சொன்னார்: கடைசியாக விற்றது ஊருக்கு வெளியே புதிதாகத் திறந்த பெரிய ஓட்டலில் மாட்டியிருக்கிறது, வரவேற்பறையில், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

"நீயும் வாம்மா, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்று மகள் கூப்பிட்டாள்.

"நான் எழுதினதை நான் எதுக்குப் பாக்கணும்? நீ போ."

இரண்டு பேருந்து மாறிப் போனாள். சோபாக்களுக்குப் பின்னால், சட்டத்துக்குள், விரிப்பு தெரிந்தது. அதன் முன்னால் இடுப்பளவு உயரத்தில் ஒரு ஜாடி, நிறைய பூக்களோடு. ஒன்பது தெரிந்தது, பதினொன்று தெரிந்தது. பன்னிரண்டுக்குக் கீழே பூ மறைத்தது. அவள் ஜாடியை ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு, எதிர் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து, மெதுவாகப் படித்தாள். ஒரு தடவை படித்து முடிப்பதற்குள் சீருடை போட்ட பெண் ஒருத்தி வந்து, புன்சிரிப்பு மாறாமல் ஜாடியைப் பழைய இடத்துக்கே நகர்த்தினாள்.

"மேடம், யாரையாவது பார்க்க வந்திருக்கீங்களா?"

"இல்லைங்க. இதைப் பார்க்கத்தான்."

"அழகா இருக்குல்ல? எல்லாரும் இது முன்னாடி நின்னுதான் போட்டோ எடுத்துக்கிறாங்க." பெண்ணின் பார்வை அவளுடைய செருப்புக்கு இறங்கி, மறுபடி முகத்துக்கு வந்தது. "ரூம் எடுத்தவங்க உட்கார்ற இடம் மேடம் இது."

மகள் எழுந்துகொண்டாள். அந்தப் பெண்ணின் சீருடைச் சட்டையில் மூன்றாவது பட்டன் துளை பிரிந்து நூல் தொங்கியது. அவள் கம்பெனியில் தைத்ததாகத்தான் இருக்க வேண்டும். அதைச் சொல்லலாமா என்று யோசித்தாள். சொல்லாமல் வெளியே வந்து, பேருந்துக்கு நின்றாள். இரண்டு மணி ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது.